உண்டபின் கேட்கும் ஒப்புதல்

மதுரைத் தெருக்களில் பொழுது சாயும் வேளையில் பருத்திப்பால் வண்டிகள் வந்து நிற்கும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவும் வெல்லமும் கூட்டிக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, தேங்காய்த் துருவல் தூவித் தருவார்கள். நெஞ்சுச் சளிக்கு நல்லதென்று குடிப்போர் சிலர். சுவை கருதிக் குடிப்போர் பலர். அந்தக் கொட்டை எந்தப் பருத்தியில் விளைந்தது என்பது விற்பவருக்குத் தெரியாது. அவருக்குக் கொட்டை கொடுத்த மண்டிக்காரருக்கும் தெரியாது. இந்நாட்டில் பருத்தி விளையும் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் மரபணு மாற்றிய பி.டி. பருத்தியே நிற்கிறது என்பது மட்டும் ஏட்டுக் கணக்கில் தெரிகிறது. குடிப்பவர் கேட்பதில்லை; கேட்டாலும் விடை சொல்ல ஆளில்லை.

மரபணு மாற்றிய பயிர்களுள் வணிகச் சாகுபடிக்கு இந்தியாவில் இசைவு பெற்றது பருத்தி ஒன்றே என்று நடுவணரசு நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. சொல்வது பொய்யன்று. ஆயினும், பருத்தி இழைப்பயிர் என்று ஏட்டில் எழுதிவிட்டதனால் அதன் கொட்டை மனிதர் வயிற்றுக்கு வெளியே நின்றுவிடவில்லை. கொட்டையில் பிழிந்த எண்ணெய் குஜராத்தின் பலகார வாணலிகளில் கொதிக்கிறது. பிண்ணாக்கு கறவை மாட்டின் தொட்டிக்குப் போகிறது. தலைவாசலைத் தாழிட்டுக் காவலும் வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டிருக்கிறோம்.

கொல்லை வழியே வருவனவற்றுள் பெரியது எண்ணெய். ஆண்டுதோறும் ஏறத்தாழ 160 லட்சம் டன் சமையல் எண்ணெயை நாம் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். நம் தேவையில் பாதிக்கு மேல் இது. பனை எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் மரபணு மாற்றம் என்ற பேச்சுக்கு இடமில்லை. சோயா எண்ணெய் அப்படியன்று. அது பெரும்பகுதியும் அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே விளையும் சோயா ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றியது. அண்மையில் மளிகைக் கடை ஒன்றில் சோயா எண்ணெய்ப் பை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். கொழுப்பின் அளவு, சேர்த்த வைட்டமின்கள், சைவத்துக்குரிய பச்சைப் புள்ளி, விலை, பொதிந்த நாள் யாவும் இருந்தன. எண்ணெய் தந்த பயிர் எத்தகையது என்பதற்கு ஒரு சொல் இல்லை.

விதி இல்லாமல் இல்லை. மரபணு மாற்றிய உணவு அடங்கிய பொதியின் முகப்பில் அதனைக் குறிக்க வேண்டும் என்பது 2013 ஜனவரி முதல் நாளிலிருந்து சட்டம். சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ மிஞ்சுவது அரிது, ஆகவே குறிக்க ஒன்றுமில்லை என்பது வணிகர் வாதம். ஐரோப்பிய ஒன்றியம் இதனை ஏற்கவில்லை. எண்ணெயில் சுவடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூலப்பயிர் மாற்றியதாயின் எழுதியே தீர வேண்டும் என்கிறது அங்குள்ள சட்டம். வாங்குபவர் வேதியியல் மட்டும் கேட்கவில்லை, தம் காசு யாருடைய வயலுக்குப் போகிறது என்றும் கேட்கிறார் என்பதை அச்சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். இங்கோ, புதுதில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018இல் 65 உணவுப் பொருள்களைக் கடைகளில் வாங்கி ஆய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் மரபணு மாற்றத்தின் சுவடு தென்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை இறக்குமதிச் சரக்கு. 2021இல் கோழித் தீவன விலை எகிறியபோது, மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்க அரசே இசைந்தது. நொறுக்கி எண்ணெய் எடுத்த பிண்ணாக்கில் முளைக்கும் உயிர் இல்லை, ஆதலால் தடையில்லை என்பது அப்போது சொன்ன நியாயம். நியாயம் சரியே. அதனை உரக்கச் சொல்லத்தான் துணிவில்லை.

இவ்வுணவு நஞ்சு என்று நாம் எழுதவில்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட பேரறிக்கை, சந்தைக்கு வந்துள்ள மரபணு மாற்றிய பயிர்களின் உணவு வழக்கமான உணவைவிட உடலுக்குக் கூடுதல் ஊறு செய்வதற்குச் சான்று காணவில்லை என்றது. அப்பயிர்களால் அமெரிக்க வயல்களில் விளைச்சல் ஏறும் வேகம் கூடியதற்கும் சான்று காணவில்லை என்று அதே அறிக்கை கூறிற்று. முன்னதை விற்போர் எடுத்துக் காட்டுவர். பின்னதை எதிர்ப்போர் எடுத்துக் காட்டுவர். இரண்டையும் சேர்த்துப் படித்தவர் நம் ஆட்சி மன்றங்களில் எத்தனை பேர் என்பது ஐயமே.

கத்தரிக்காயின் கதையை இங்கே நினைவுகூர வேண்டும், ஏனெனில் அது நம் வீட்டுக் கதை. தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு மருந்தடித்துச் சலித்த உழவருக்காகப் பி.டி. கத்தரியை உருவாக்கிய முயற்சியில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கு கொண்டது. மராட்டிய நிறுவனம் கொடுத்த மரபணுவை மதுரை, பாலூர், கிள்ளிகுளம் பெயர் தாங்கிய தமிழ்நாட்டு இரகங்களில் அது ஏற்றியது. இவை வீரிய ஒட்டு அல்ல. விளைந்த காயிலிருந்து உழவரே விதை எடுத்துவைக்கலாம். 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு இசைந்தது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் மன்றம் கூட்டிக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். அவ்வாண்டே ‘மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு’ என்ற பெயர் ‘மதிப்பீட்டுக் குழு’ என்றாயிற்று. ஆய்வை நிறைவு செய்து மீண்டும் கேட்போம் என்பதே அன்றைய சொல். அந்த ஆய்வு எங்கே நிற்கிறது என்று கேட்பாரும் இல்லாமல் போயினர். வங்கதேசம் 2013இல் அதே கத்தரிக்கு இசைவளித்து, மறு ஆண்டில் 20 உழவர் கையில் நாற்றைக் கொடுத்துத் தொடங்கியது. 2019இல் ஹரியானாவின் பதேஹாபாத் வயல் ஒன்றில் இசைவில்லாப் பி.டி. கத்தரி காய்த்து நின்றது. நிறுத்திவைத்த கத்தரி நிற்கவில்லை.

கடுகும் அவ்வாறே. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழுவினர் பொதுப்பணத்தில் உருவாக்கிய டி.எம்.எச்.-11 கடுகுக்கு 2022 அக்டோபரில் இசைவு கிடைத்தது. 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் அவ்விசைவு செல்லுமா என்பதில் மாறுபட்டனர். மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டு, நான்கு மாதத்துக்குள் அதனை வகுக்கப் பணித்தனர். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான குழு தன்னாட்சியுடைய ஒழுங்காற்று ஆணையம் ஒன்றை 2004இலேயே கேட்டிருந்தது. அதற்கென 2013இல் மக்களவையில் வைத்த மசோதா அவ்வவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

சந்தை எத்திசை செல்கிறது என்று அறிய விரும்புவோர் பருத்தியின் 20 ஆண்டைப் படித்தால் போதும். 2002இல் இசைவு. அதற்கு முந்தைய ஆண்டே குஜராத்தில் திருட்டு விதை விளைந்து நின்றது கண்டுபிடிக்கப்பட்டது. 450 கிராம் விதைப் பொதி 1,600 ரூபாய்க்கும் மேல் விற்க, 2006இல் ஆந்திர அரசு முற்றுரிமை ஆணையத்தில் வழக்காடி அதனை 750 ரூபாய்க்கு இறக்கியது. தொடக்கத்தில் புழு குறைந்தது, மருந்துச் செலவு குறைந்தது, விளைச்சல் ஏறியது, மறுப்பதற்கில்லை. 2013-14இல் 398 லட்சம் பேல் பஞ்சு கண்ட நாடு, 2024-25இல் 300 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. நஞ்சைத் தாங்கப் பழகிக்கொண்டதை விதையின் உரிமையாளரே 2010இல் ஒப்புக்கொண்டனர். ஒவ்வொரு விதைப் பொதியோடும் 120 கிராம் சாதாரண விதை தனியே வைத்துக் கொடுத்து வந்தனர். அதனை வயலின் ஓரத்தில் விதைத்தால் புழு அங்கே தங்கிப் பெருகும். பழகிய புழுவோடு பழகாத புழு கூடிக் கலக்கும். எதிர்ப்புத் திறன் தள்ளிப்போகும். பலர் அதை விதைக்கவில்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் தம் நிலத்தின் ஓரத்தைப் புழுவுக்கு எழுதிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்த திட்டம் அமெரிக்காவின் பெருநிலத்துக்கு வரைந்ததேயன்றி விதர்ப்பத்துக்கு வரைந்ததன்று.

நடுவணரசு 2015 இறுதியில் விலைக் கட்டுப்பாட்டு ஆணை இட்டது. மரபணு உரிமைத்தொகை 2020இல் சுழியாயிற்று. அந்த ஆணையை நாம் குறை கூறவில்லை. தனியார் அடுத்த விதையைக் கொண்டுவர மறுப்பர் என்று தெரிந்தும் பொதுத்துறையின் விதையை ஆயத்தம் செய்யாததே குறை. களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கான விண்ணப்பம் 2016இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த இடத்தைக் கள்ள விதை நிரப்பியது. 2019இல் அகோலாவில் உழவர் கூடி, ஊர் பார்க்க அதனை விதைத்துச் சட்டமறுப்புச் செய்தனர். அரசு ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய பிகானேரி நர்மா பி.டி. என்ற சொந்தப் பருத்தியோ, தனியார் மரபணு அதில் கலந்திருப்பது தெரியவந்து, விற்பனைக்கு வந்த 2009ஆம் ஆண்டிலேயே நின்று போயிற்று. பொதுத்துறைக்கு இதைவிடப் பெரிய தலைக்குனிவு வேறில்லை.

உலகப் பரப்பைக் காண்போம். 1996இல் 17 லட்சம் எக்டேராக இருந்த மரபணு மாற்றிய பயிர்ப்பரப்பு 2019இல் 29 நாடுகளில் 19 கோடி எக்டேராயிற்று. அதில் ஏறக்குறைய முழுவதும் சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா என்னும் நான்கே. பசி தீர்க்கும் என்று பறைசாற்றி வந்த நுட்பம் மாட்டுத் தீவனத்திலும் எரிசாராயத்திலும் போய் நிலைத்தது. ஏழைக் குழந்தையின் கண்ணுக்கென உருவான பொன்னரிசி பிலிப்பைன்சில் 2021இல் இசைவு பெற்று, 2024இல் நீதிமன்றத்தில் தடைபட்டது. மான்சான்டோவை 2018இல் பேயர் 6,300 கோடி டாலருக்கு வாங்கியபின், உலக வணிக விதையில் பாதிக்கு மேல் நான்கு நிறுவனங்களின் பிடியில் இருக்கிறது. நெடுங்காலம் தயங்கிய சீனமும் 2023 இறுதியில் 26 நிறுவனங்களுக்கு மரபணு மாற்றிய மக்காச்சோளம், சோயா விதை ஆக்க உரிமம் தந்துவிட்டது.

இந்தியாவின் மீது அழுத்தம் எண்ணெய் வழியாகவும் மக்காச்சோளம் வழியாகவும் வரும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு மக்காச்சோளத்தைத் திருப்பியபின் கோழிக்கும் ஆலைக்கும் அது போதவில்லை. 2025இல் அமெரிக்காவோடு நடந்த வணிகப் பேச்சில் மக்காச்சோளமும் சோயாவுமே முட்டுக்கட்டையாயின. அவற்றுக்கு வழிவிடலாம் என்று நிதி ஆயோக் வெளியிட்ட ஆய்வுத்தாள் எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கப்பட்டது. உழவர் அஞ்சுவது மரபணுவைக் காட்டிலும் விலையை. மானியத்தில் விளைந்த மலிவு மக்காச்சோளம் வந்திறங்கினால் பெரம்பலூர் மானாவாரிக்காரரின் மூட்டைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதே அவர் கேள்வி. மரபணு என்ற ஒரே காரணத்தைத் தடுப்புச் சுவராக்கி நிற்கும் அரசு, அச்சுவர் சரிந்தால் உழவரைக் காக்க வேறு அரண் வைத்திருக்கவில்லை.

நெல்லில் இன்னும் நிதானம் வேண்டும். உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு நம்முடையது. 2006இல் அமெரிக்க நெடுமணி அரிசியில் இசைவில்லா மரபணு மாற்று நெல் கலந்திருப்பது வெளிவந்தது. ஐரோப்பாவும் ஜப்பானும் கதவடைத்தன, விலை விழுந்தது. அந்நெல்லின் உரிமையாளரான பேயர் 2011இல் உழவர்களுக்கு 75 கோடி டாலர் வரை தர உடன்பட்டு வழக்கை முடித்தது. அங்கே வழக்காட வழி இருந்தது. இங்கே ஒருவர் வயலின் மகரந்தம் மற்றவர் ஏற்றுமதியைக் கெடுத்தால் இழப்பைக் கொடுப்பவர் யார் என்று எந்தச் சட்டமும் தெளிவாகச் சொல்லவில்லை. நீதிமன்றம் பணித்த கொள்கையில் முதற்கண் எழுத வேண்டியது இந்தப் பொறுப்பு. அடுத்து முகப்புக் குறிப்பு, எண்ணெய்க்கும் விலக்கின்றி. வயல் சோதனைத் தரவு முழுவதும் பொதுவில் வைக்கப்பட வேண்டும்; உழவர் எடுத்துவைத்து மறுபடி விதைக்கத்தக்க பொதுத்துறை இரகங்கள் முன்னே வர வேண்டும்.

இதற்கிடையே வாதமே இடம் மாறிவிட்டது. 2025 மே 4 அன்று இரண்டு நெல் இரகங்களை வேளாண் அமைச்சர் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, நம் வயல்களிலும் பி.பி.டி. என்று பழகிய சம்பா மசூரியின் மரபணுவைத் திருத்தி ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘கமலா’. ஏறத்தாழ 20 நாள் முன்னதாக அறுவடைக்கு வரும் என்கின்றனர். இதில் பிற உயிரின் மரபணு எதுவும் நுழைக்கப்படவில்லை. உள்ளதையே ஓரிடத்தில் வெட்டித் திருத்தியிருக்கிறார்கள். அத்தகைய பயிர்களுக்கு மரபணு மாற்றப் பயிரின் சோதனைகள் வேண்டா என்று 2022 மார்ச் 30 அன்றே அரசு விலக்களித்துவிட்டது. வெட்டும் கருவியின் காப்புரிமையோ வெளிநாட்டார் கையில். விதை பெருகி, நெல்லாகி, ஆலையில் அரைபட்டு, அந்த அரிசி நம் ஊர்க் கடைக்கு வரும் நாளில் மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டால், இன்றைய விதிப்படி ஒன்றும் எழுத வேண்டியதில்லை.