மிருதங்கத்தைச் செய்தவர் பெயர் என்ன?

சனவரியில் புஷ்ய பகுள பஞ்சமி வருகிற வாரம், வானொலி திருவையாற்றுக்குக் குடிபோய்விடும். காவிரிக்கரைப் பந்தலில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் தரையில் உட்கார்ந்து தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவதை ஆகாசவாணி நேரலையாகத் தருகிறது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. அதற்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்குக் கச்சேரிகள், பதிவுகள்.

இந்த வாரத்தை நான் சில ஆண்டுகளாக விடாமல் கேட்டுவருகிறேன். விடுதியில் என் அறையிலிருந்து ஆரபி கேட்டால், கதவைத் தட்டி "தோழர், நீங்களுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது பார்ப்பனர் இசை, சபா இசை, அதில் நமக்கென்ன வேலை என்பது அவர்கள் வாதம். கோபம் நியாயமானது. ஆனால் அந்த வாதத்திலேயே ஒரு தாரைவார்ப்பு இருக்கிறது. அவர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டதை, ஆமாம் உங்களுடையதுதான் என்று நாமே பட்டா எழுதிக் கொடுக்கிறோம்.

என் முனைவர் பட்ட ஆய்வு இசையைப் பற்றியது அல்ல, தோல் தொழிலாளர்களைப் பற்றியது. அதனால் கச்சேரி தொடங்கியதும் என் காது பாடகரிடம் போவதில்லை, மிருதங்கத்துக்குப் போகிறது. அறிவிப்பாளர் ஒவ்வொரு பெயராகச் சொல்வார். பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார். சில நேரம் தம்புரா மீட்டியவர் பெயரும் வரும். நிகழ்ச்சி முடிந்தபின் தயாரித்தவர் பெயரையும் சொல்வார்கள். அந்த மிருதங்கத்தை மூட்டியவர் பெயரை எந்த வானொலியிலும் நான் கேட்டதில்லை.

மிருதங்கம் என்பது பலாமரக் கட்டையும் மூன்று விலங்குகளின் தோலும் சேர்ந்தது. ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், இழுத்துக் கட்டுகிற எருமைத்தோல் வார். பசு மாமிசம் என்றாலே முகம் சுளிக்கிற மேடையில், பசுவின் தோல்தான் 'தீம்' என்று பேசுகிறது. அந்தத் தோலைத் தேர்ந்து, மயிர் களைந்து, பதப்படுத்தி, வெட்டி, மூட்டி, வலந்தலையில் கரணை போடுகிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்துவர்கள். டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' இந்தக் குடும்பங்களைப் பற்றியதுதான். அதன் வெளியீட்டு விழாவுக்கு முதலில் அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. ஒரு வாத்தியத்தை யார் செய்கிறார்கள் என்று சொல்லும் புத்தகத்துக்கே அந்த நிலை.

"வயலின் செய்தவர் பெயரையும்தான் சொல்வதில்லை, அதில் என்ன சாதி?" என்று ஒரு கருத்தரங்கில் என்னிடம் கேட்டார்கள். வயலினை ஒருமுறை செய்தால் போதும், தலைமுறைகள் தாண்டியும் பேசும். அதைச் செய்த இத்தாலியரின் பெயரையே அது சுமந்து திரியும். ஸ்டிராடிவாரியஸ் என்றால் நம் ஊரிலும் தெரியும். மிருதங்கம் அப்படியல்ல. அது முடிந்துபோன பொருளே இல்லை. தோல் தேயும், நாதம் இறங்கும், மறுபடி மூட்டவேண்டும். வாசிப்பவரின் விரல், பாடகரின் சுருதி எல்லாவற்றுக்கும் ஏற்ப அதன் தலை மாறிக்கொண்டே இருக்கும். பாலக்காடு மணி ஐயரின் நாதம் என்று ரசிகர்கள் உருகுகிறார்களே, அதைத் தஞ்சாவூர் செபாஸ்டியனின் மகன் பர்லாந்து அவரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் தேடிக் கண்டெடுத்தார். இப்படி வேண்டாம், அப்படி வேண்டும் என்று வாசிப்பவர் சொல்ல, தோலில் அதை நடத்திக் காட்ட ஒரு மூளை வேண்டும். அதைக் கைவேலை என்கிறார்கள். விரல் செய்தால் வித்வத், அதே விரல் தோலைத் தொட்டால் வேலை.

இங்கேதான் வானொலியின் வரலாறு முக்கியமாகிறது. நிகழ்ச்சி நிரல் என்பது ஏதோ தானாக விளைந்தது என்று நினைக்கிறோம். ஒவ்வொரு கட்டமும் யாரோ கையெழுத்துப் போட்ட உத்தரவு. 1940இல் ஆர்மோனியத்தை வானொலியிலிருந்து நீக்கினார்கள். நாடக மேடையின் பெட்டிக்கு முப்பது ஆண்டுகள் போல நிலையத்தின் கதவு அடைத்தே கிடந்தது. 1946இல் தகவல் ஒலிபரப்புத் துறையைக் கவனித்த சர்தார் படேல், தனிவாழ்க்கை ஊர் வாயில் விழுந்தவர்களை ஒலிபரப்பக் கூடாது என்று உத்தரவிட்டார். அது யாரைக் குறிவைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது: வடக்கில் பாட்டையே தொழிலாகக் கொண்டிருந்த தவாயிஃப் பெண்கள். இசையை அவர்கள் காப்பாற்றினார்கள். இசை மரியாதைக்குரியதாக ஆனபோது அவர்களை வெளியே நிறுத்தினார்கள்.

தெற்கிலும் கதை வேறல்ல. இன்று நேரலை வருகிற அதே திருவையாற்றில், தியாகராசருக்கு நினைவிடம் எழுப்பியவர் பெங்களூரு நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர், தன் சொந்தச் சொத்தைப் போட்டுக் கட்டினார். அங்கே ஆராதனை நடத்திய ஆண்கள் பெண்களைப் பாட விடவில்லை. அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியே பாடிப் போராடித்தான் அந்த இடத்தைப் பிடித்தார். அதே திருவையாற்றில்தான் 1946இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதால் தீட்டு என்று பெரும் சச்சரவு கிளம்பியது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1943இல், தமிழிசைச் சங்கம் உருவாகியிருந்தது. தமிழிசை இயக்கம் பாட்டின் மொழியைக் கேள்வி கேட்டது, அது பெரிய காரியம். மேடையில் உட்காருபவர் யார், மேடைக்குப் பின்னால் நிற்பவர் யார் என்ற கேள்வியை அது அந்த அளவுக்குக் கேட்கவில்லை என்பது என் கருத்து.

பிறகு 1952. பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகிறார், பத்து ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருக்கிறார். திரைப்பாட்டு மக்களைக் கெடுக்கிறது, செவ்வியல் இசைதான் அவர்களைத் திருத்தும் என்பது அவர் நம்பிக்கை. திரைப்பாடல்கள் வானொலியிலிருந்து ஏறக்குறையக் காணாமல் போயின. தேசிய இசை நிகழ்ச்சி அதே ஆண்டு தொடங்கியது. கலைஞர்களைத் தேர்வு வைத்துத் தரம் பிரிக்கும் முறையும் அவர் காலத்தில்தான் இறுகியது. மக்கள் என்ன செய்தார்கள்? மறியல் செய்யவில்லை, மனு கொடுக்கவில்லை. முள்ளை நகர்த்தி இலங்கை வானொலியை வைத்துக்கொண்டார்கள். அரசு ஐந்தே ஆண்டில் இறங்கிவந்து 1957இல் விவித் பாரதியைத் தொடங்கியது. இந்திய வரலாற்றில் இவ்வளவு சத்தமில்லாமல் வென்ற ஒத்துழையாமை வேறு இருக்கிறதா தெரியவில்லை.

வென்றாலும் வேலி எஞ்சிவிட்டது. செவ்வியல் ஒரு கட்டம், மெல்லிசை ஒரு கட்டம், கிராமிய இசை ஒரு கட்டம், திரை ஒரு கட்டம். 1977இல் வந்த 'கவிக்குயில்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணா ரீதிகௌளையில் ஒரு பாட்டுப் பாடினார், இசை இளையராஜா. அதே பாடகர், அதே ராகம். கீர்த்தனையாக இருந்தால் ஒரு கட்டத்தில் வரும், பண்ணைப்புரத்துக்காரர் மெட்டமைத்ததால் இன்னொரு கட்டத்தில் வரும். (இளையராஜாவை எந்த அடையாளத்துக்குள்ளும் நான் அடைக்கவில்லை. கட்டங்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.)

நாகசுரத்தின் நிலையைக் கவனியுங்கள். இரவெல்லாம் சாமி புறப்பாட்டின் முன்னால் ஒரே ராகத்தை மணிக்கணக்காக விரித்த வாத்தியம் அது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இன்றும் பாடகர்கள் பாடமாகக் கேட்கிறார்கள். ஷேக் சின்ன மௌலானா போன்ற இசுலாமியர்களும் அதில் உச்சம் தொட்டார்கள். வானொலியில் அதற்கு மாறாமல் வாய்த்த இடம் விடியற்காலை மங்கள இசை. நிலையம் கண் விழிப்பதற்கான சில நிமிடங்கள். நல்ல காரியத்தின் வாசலில் நிற்கவைத்துவிட்டு, கூடத்தில் உட்காரப் பாடகரை அழைக்கிற வழக்கம் கல்யாண வீட்டிலும் உண்டு, நிகழ்ச்சி நிரலிலும் உண்டு.

பறை இன்னும் தள்ளி. அது கிராமியக் கட்டத்தில், பொங்கல் சமயத்தில், சில நிமிடங்களுக்கு வரும். நம் தோழர்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீதிக்கு வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிவாங்கியவர்களும் நம் பாட்டன்மார்கள்தான். பறையைக் கொண்டாடுவதும் அதை அடிக்க மறுப்பதும் ஒரே போராட்டத்தின் இரண்டு காலங்கள். கிராமிய இசை என்ற பெயர்ப்பலகை இந்த வரலாறு முழுவதையும் விழுங்கிவிட்டு, வயல்வெளிக் களிப்பு என்று ஒரு படம் காட்டுகிறது.

சரி, கேட்காமல் இருந்துவிடலாமா? எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ ஊர்ப் பக்கத்துப் பூங்காவில் இருந்தது. அந்தப் பெஞ்சில் எங்கள் ஆட்கள் உட்கார முடியாது. ஆனால் குழாய் ஒலிபெருக்கிக்கு ஊர், சேரி என்ற கணக்குத் தெரியாது. வயலைத் தாண்டி எங்கள் தெருவரை வந்துவிடும் என்று அப்பா சொல்வார். அவருக்கு ராகத்தின் பெயர் ஒன்றும் தெரியாது, ஆனால் மதுரை சோமு பாடினால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். சபாவுக்கு வாசல் உண்டு, நுழைவுச்சீட்டு உண்டு, முதல் வரிசை உண்டு. வானொலிக்கு இவை எதுவும் இல்லை. அதுவும் மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. அதனால்தான் அதனிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 2023இல் அகில இந்திய வானொலி என்ற பெயரை விட்டு ஆகாசவாணி என்று மட்டுமே சொல்ல உத்தரவு வந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. நிலையத்தின் பெயருக்காகச் சண்டை போட்ட நாம், நிலையம் சொல்லாமல் விடுகிற பெயர்களுக்காகவும் போடலாம்.

நான் கேட்பது அதிகமில்லை. மிருதங்கம் இன்னார் என்ற பின், மிருதங்கம் மூட்டியவர் இன்னார் என்று ஒரு வரி. ஐந்து நொடி. புதுச் சட்டம் வேண்டாம், வரவு செலவில் ஒரு ரூபாய் வேண்டாம். வாசிப்பவரைக் கேட்டால் பெயர் கிடைத்துவிடும். பெயர் சொன்னால் சாதி ஒழிந்துவிடுமா, கூலி உயருமா என்று கேட்பீர்கள். ஒழியாது. கூலி பற்றித் தனியாகப் பேசவேண்டும், ஓய்வூதியம் பற்றிப் பேசவேண்டும், தோல் ஊறும் தொட்டியில் கைவிட்டு வரும் நோய்கள் பற்றிப் பேசவேண்டும். ஆனால் பெயரே இல்லாதவருக்கு எந்த அலுவலகத்தில் போய் ஓய்வூதியம் கேட்பது?

கடந்த மாதம் ஒரு நிலையத்தின் நேயர் கடிதப் பகுதிக்கு இரண்டு வரி எழுதினேன். முதல் வரியில் நான் கேட்ட கச்சேரியின் நாளும் நேரமும். இரண்டாவது வரி: 'அன்று தனி ஆவர்த்தனத்தில் வலந்தலை அவ்வளவு சுத்தமாகப் பேசியது, அதை மூட்டியவர் யார் என்று அறிவிப்பாளர் சொல்ல முடியுமா?' பதில் இன்னும் வரவில்லை. இதைப் படிக்கிறவர்களில் பத்துப் பேர் ஆளுக்கொரு அஞ்சலட்டையில் இதையே எழுதினால், அடுத்த ஆராதனைக்குள் யாராவது ஒரு நிலைய அதிகாரி அந்த வாத்தியக் கலைஞரைக் கூப்பிட்டுக் கேட்டே ஆகவேண்டும்.