வார்ப்புருவுக்குத் தெரியாத யாமல்

“வார்ப்புருவை ஒருமுறை எழுதிவிடு, பிறகு மதிப்புகளை மட்டும் மாற்றினால் போதும், பிழையே வராது.” குபர்நெட்டிஸ் பயன்படுத்தும் குழுக்களில் இது வேதவாக்கு. நான் இதை ஏற்கவில்லை.

பிழை வராது என்பதையே முதலில் பார்ப்போம். குபர்நெட்டிஸுக்கான பொட்டலக் கருவி ஹெல்ம். அதன் வார்ப்புருக்கள் கோ மொழியின் உரை வார்ப்புரு நூலகத்தில் இயங்குகின்றன. அந்த நூலகம் அறிந்தது எழுத்துகளையும் இடைவெளிகளையும்தான். தான் எழுதுவது யாமல் என்னும் உள்ளமைவு வடிவம் என்பதே அதற்குத் தெரியாது. நார்வேயின் நாட்டுக் குறியீடு ‘என்ஓ’. மதிப்புக் கோப்பில் அதை மேற்கோள்குறிக்குள் கவனமாகத்தான் எழுதுகிறீர்கள். வார்ப்புருவில் போய் விழும்போது மேற்கோள்குறி உதிர்ந்துவிடுகிறது. குறி இல்லாத அந்த இரண்டெழுத்து, யாமல் 1.1 விதிப்படி ‘பொய்’ என்னும் பூலியன் மதிப்பு. பதிப்பெண் 1.10 இப்படித்தான் 1.1 ஆகிறது. வார்ப்புருவை எழுதியவர் அந்த இடத்தில் மேற்கோள்குறி இடும் ‘கோட்’ சார்பைச் சேர்க்க மறந்திருந்தால், பயன்படுத்துபவரின் கவனம் வீண்.

இன்னொன்று. ஒரு சேவையின் பிரதிகள் எத்தனை ஓட வேண்டும் என்பதற்கு 5 என்று கொடுக்கிறீர்கள், ஆனால் அளவுருவின் பெயரில் ஓர் எழுத்து பிசகிவிட்டது. ஹெல்ம் வாய் திறக்காது. இயல்பு மதிப்பு 1 என்றால் ஒரே பிரதிதான் ஓடும். மதிப்புகளைச் சோதிக்க ஹெல்ம் 3-இல் ஜேசன் ஸ்கீமா உண்டே என்பார்கள். உண்டு, வைக்கவும் வேண்டும். ஆனால் அது உள்ளே போவதைத்தான் பார்க்கும், வெளியே வரும் யாமலை அல்ல.

அளவுருக்கள் பெருகினால் மறுபயன்பாடு பெருகும் என்பது அடுத்த வாதம். ஒரு குழு கேட்டதற்கு ஒரு ‘இஃப்’ நிபந்தனை, மற்றொரு குழுவுக்கு இன்னொன்று என்று சேர்த்துக்கொண்டே போனால், மதிப்புக் கோப்பு மூலக் கோப்பின் நீளத்தைத் தொட்டுவிடும். பெயர்கள் மட்டும் வேறு. புதிதாக வந்தவர் இரண்டையும் படிக்க வேண்டும்.

வார்ப்புரு இல்லாமல் கோப்பை நகலெடுப்பது குற்றம் என்போர் ஹன்ட், தாமஸ் இருவரும் 1999-இல் எழுதிய ‘தி பிராக்மாட்டிக் புரோகிராமர்’ நூலைத் துணைக்கு அழைப்பார்கள். அந்த நூல் தடுப்பது ஒரே அறிவு இரண்டு இடங்களில் இருப்பதை. ஒரே மாதிரியான வரிகளை அல்ல. இரண்டு சேவைகளுக்கும் இன்று 512 எம்பி நினைவகம் போதுமாக இருப்பது தற்செயல். அதை நம்பி இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டுவது ஏன்?

முன்பின் அறியாதவர்களுக்கு மென்பொருளைப் பொட்டலமாக்கி அனுப்ப ஹெல்ம் நல்ல வழி; அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. சொந்தக் குழுவின் மூன்று சேவைகளுக்கு, 2019-இல் குபர்நெட்டிஸின் கட்டளைக் கருவியான கியூப்கண்ட்ரோல் 1.14-உடன் சேர்ந்தே வந்த கஸ்டமைஸ் இருக்கிறது; அதில் வார்ப்புருவே கிடையாது, மூலக் கோப்பின் மேல் ஒட்டுப்போட்டால் போதும். கணக்கீடு தேவைப்பட்டால் ஜேசானெட், கியூ மொழிகள் உள்ளன. அவை உள்ளமைவைத் தரவாகவே கையாள்கின்றன. அங்கே சரம் சரமாகவே இருக்கும், இடைவெளி எண்ணும் வேலையும் இல்லை.