வேஷத்திற்கும் ஜாதி உண்டோ?

மலையாளத்தின் முதற் சலனப்படமாகிய ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரத்துக் காபிடல் கொட்டகையில் முதன்முறையாகத் திரையிடப்பட்ட அன்று, அதன் கதாநாயகிக்கு அக்கொட்டகைக்குள் உட்கார ஓர் ஆசனம் கிடைக்கவில்லை. அது 1928-ஆம் ஆண்டு என்பார் சிலர். 1930 என்பார் வேறு சிலர். ஆண்டைப் பற்றித்தான் சரித்திரக்காரர்களிடையே அபிப்பிராய பேதமே தவிர, நடந்த அநியாயத்தைப் பற்றிப் பேதமில்லை.

ராஜம்மா என்னும் இயற்பெயருடைய பி. கே. ரோசி, புலையர் குலத்திற் பிறந்து, புல்லறுத்துப் பிழைத்துக்கொண்டே, தமிழும் மலையாளமும் விரவிய காக்காரிசி நாடகத்தில் வேஷம் கட்டித் தேர்ந்தவர். கௌரவமான குடும்பத்துப் பெண்கள் என்று சொல்லப்பட்டவர் எவரும் காமிராவின் முன் நிற்க இசையாத அக்காலத்தில், அகஸ்தீஸ்வரத்துத் தமிழ்க் குடும்பத்தவரான ஜே. சி. டேனியல், தம் நிலத்தை விற்றுப் படமெடுக்கத் துணிந்து, அவரைத் தேடிப்பிடித்துச் சரோஜினி என்னும் நாயர் பெண்ணின் பாத்திரத்தைக் கொடுத்தார். திரையில் கதாநாயகன் அவள் கூந்தலிலிருந்த பூவை எடுத்து முத்தமிட்டதுதான் தாமதம், சபையிலிருந்து கற்கள் பறந்தன; திரை கிழிந்தது. ரோசி கொட்டகையில் இருந்தால் படத்தைத் துவக்கிவைக்கமாட்டேன் என்று பிரமுகர் ஒருவர் முன்னரே சொல்லிவிட்டார் என்றும், பின்னர் அவருடைய குடிசைக்கு நெருப்பு வைக்கப்பட்டது என்றும் வரலாற்றை மீட்டெடுத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். லாரி ஒன்றில் ஏறி நாகர்கோவிலுக்குத் தப்பிய அவர், அந்த லாரியை ஓட்டிவந்தவரையே மணந்து, ராஜம்மாளாகவே எஞ்சிய காலத்தைக் கழித்தார். மறுபடி அவர் நடிக்கவில்லை. படச்சுருளும் அழிந்துவிட்டது. ஆகவே அவர் நன்றாக நடித்தாரா இல்லையா என்பதை இன்று எவராலும் சொல்ல இயலாது. அன்று கல்லெறிந்தவர்களும் அதை விசாரிக்கவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஹாட்டி மெக்டானியல் என்ற கறுப்பினப் பெண்மணி திரைக்கு வந்தார். அவரை எவரும் கல்லால் அடிக்கவில்லை. ஏனெனில், பெரும்பாலும் வெள்ளையர் வீட்டு வேலைக்காரி வேஷமே அவருக்குக் கொடுக்கப்பட்டது. ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் அத்தகைய பாத்திரமொன்றை அவர் அபாரமாக நடித்தும், 1939 டிசம்பரில் அட்லாண்டா நகரில் நடந்த அதன் முதற் காட்சிக்கு, அந்த மாகாணத்தின் நிறபேதச் சட்டங்களின் காரணமாக, அவரால் போக முடியவில்லை. அடுத்த பிப்ரவரியில் ஆஸ்கார் பரிசு பெற்ற முதற் கறுப்பினத்தவர் என்ற பெருமை அவரை அடைந்தபோதும், சக நடிகர்களோடு உட்காராமல் ஒதுக்குப்புறமான தனி மேஜையிலிருந்து எழுந்து சென்றே அதை அவர் வாங்க நேர்ந்தது. 1952-இல் இறந்தபின், ஹாலிவுட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்ற அவர் விருப்பமும், அது வெள்ளையருக்கு உரியது என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது.

நாம் குடியேறி வாழும் இந்த நார்வேயும் இவ்விஷயத்தில் நிரபராதியன்று. 1929-இல் வெளிவந்த ‘லைலா’ என்னும் மௌனப்படம், வடதிசைப் பனிநிலத்தின் பூர்வகுடிகளாகிய சாமி இனத்தாரிடையே வளரும் ஒரு பெண்ணின் கதை. ஆயினும் அதில் முக்கியமான சாமிப் பாத்திரங்களை ஏற்று நடித்தவர்கள் சாமி இனத்தார் அல்லர். அவர்களுடைய உடையும் கலைமானும் பனிச்சறுக்கு வண்டியும் படத்திற்கு வேண்டியிருந்தன. அவர்களுடைய முகம் வேண்டியிருக்கவில்லை. நீல்ஸ் கௌப் என்ற சாமி இனத்து இயக்குநர், தம் தாய்மொழியில், தம் மக்களைக் கொண்டே ஒரு படமெடுத்து, அதை ஆஸ்கார் பரிசுக்குரிய பட்டியல்வரை கொண்டுசெல்ல 1987 வரை காத்திருக்கவேண்டி வந்தது.

மூன்று தேசங்களிலும் ஆண்டது ஒரே விதிதான். தனக்கென்று விதிக்கப்பட்ட வேஷத்தைக் கட்டினால் பரிசும் தனி மேஜையும். மேலானது என்று கருதப்பட்ட வேஷத்தைக் கட்டினால் கல்லும் நெருப்பும். தன் வேஷத்தையே பிறர் கட்டிக்கொண்டால் மௌனம். ஆள்பவனாகவும் ஆண்டியாகவும் யாரும் மாறலாம் என்பதே நடிப்புக் கலையின் தர்மமாக இருக்க, சிலர் மட்டும் எதுவாகவும் மாறலாகாது என்று விதிப்பது கலையின் வேரையே அறுப்பதாகும்.

அது அந்தக் காலம், அப்படித்தான் இருந்தது என்று சமாதானம் சொல்வோர் உண்டு. நான் அதை ஏற்பதற்கில்லை. ரோசியைக் கதாநாயகியாக்கிய டேனியலும் அதே காலத்து மனிதர்தாம். தம் சொத்தையும் எதிர்காலத்தையும் அந்தப் படத்தோடு இழந்தவர்தாம். ஒரு காலத்தில் வாழ்ந்த ஒருவருக்கு நியாயம் தெரிந்திருக்குமானால், தெரியாதிருந்த மற்றவர்களுக்குக் காலம் சாட்சி சொல்ல வராது.

இப்பொழுது எல்லாம் மாறிவிட்டது என்பது இரண்டாவது சமாதானம். மாறியது உண்மை, 2013-இல் வந்த ‘செல்லுலாய்ட்’ படம் ரோசியின் கதையைப் பல்லாயிரம் பேருக்கு எடுத்துச் சொன்னது. ஆனால் கேரள அரசு 1992 முதல் டேனியல் பெயரால் விருது வழங்கிவர, ரோசியின் பெயரை நிலைநிறுத்த 2019-இல் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கியவர்கள் அங்குள்ள திரைத்துறைப் பெண்கள். சென்னையில் அவர் பெயரால் திரைப்பட விழா எடுத்தவர்கள் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தார். தமிழ்த் திரையிலோ, கறுத்த பெண்ணின் கதைக்குச் சிவந்த நடிகையைக் கொணர்ந்து, முகத்தில் கருமை பூசி நிறுத்தும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. ‘லைலா’வில் நடந்ததற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

ரோசியை மலையாளிகள் மட்டும் நினைத்தால் போதும் என்று நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. அவருக்கு நடிப்பைக் கற்பித்த நாடகத்தில் பாதி தமிழ். அவரைத் திரைக்குக் கொணர்ந்தவர் தமிழர். அவருக்குப் புகலிடம் தந்த நாகர்கோவில் இன்று தமிழ்நாட்டின் நகரம். அங்கே அவர் பெயரால் ஓர் அரங்கமேனும் அமைவது நியாயம். ஆஸ்லோவில் 2010 முதல் தமிழ்த் திரைப்பட விழா நடத்திவருவோர், புதிதாக வரும் நடிகையருக்கு ஆண்டுதோறும் அவர் பெயரால் ஒரு விருதை வழங்கலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

ஆஸ்லோவின் ரொம்மனிலும் அதைச் சூழ்ந்த குரூருட் பள்ளத்தாக்கிலும் வாழும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டுவிழா நாடகங்களில் பாத்திரங்களைப் பங்கிடும்போது, இளவரசிக்கு வெளுத்த குழந்தையையும் பணிப்பெண்ணுக்குக் கறுத்த குழந்தையையும் தேடாதீர்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரியாதீர்கள். வசனத்தைச் சிறப்பாகப் பேசும் குழந்தைக்கே இளவரசி வேஷத்தைக் கொடுங்கள்.