பழைய எண்களால் கியூபாவைக் காக்க முடியாது

கியூபா ஆதரவுக் கூட்டங்களில் தவறாமல் ஒலிக்கும் ஒரு வாசகம் உண்டு. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை நான்கே. இது அமெரிக்காவைவிடக் குறைவு என்பதே அது. 2018ஆம் ஆண்டில் இது உண்மை. இன்று உண்மையன்று. 2021 முதல் கியூபாவின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்களே இந்த விகிதத்தை ஏழுக்கு மேல் காட்டுகின்றன. அமெரிக்காவில் அது ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் நிற்கிறது. கேரளத்தில் ஐந்து. கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் கைபேசியை எடுத்து ஒரு நிமிடத்தில் இதைக் கண்டறிந்துவிடுவார். அவர் எழுந்து கேட்கமாட்டார். பேச்சாளர் சொன்ன மற்ற உண்மைகளையும் நம்பாமல் எழுந்து போய்விடுவார்.

கியூபாவுக்கு நேரும் இழப்பைவிட, கியூபாவை ஆதரிக்கும் இயக்கத்திற்கு நேரும் இழப்பே இங்குப் பெரிது. ஒரு சிறிய தீவு நாட்டின் மக்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எப்படிப் படித்தார்கள், எப்படி நோய் தீர்ந்தார்கள், எப்படி உண்டு உறங்கி வாழ்ந்தார்கள் என்பது குறித்து ஆழ்ந்த ஆய்வுகள் பல நடந்துள்ளன. அவற்றைப் படிக்காமல், சுவரொட்டியில் பொருந்தும் ஒற்றை எண்ணை மட்டும் கையில் ஏந்தி நிற்பது அந்த மக்களின் உழைப்புக்கும் நியாயம் செய்வதாகாது.

ஆய்வுகள் காட்டுவது என்ன? கல்வியிலிருந்து தொடங்கலாம். 1953ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கியூபாவில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் எழுத்தறியாதவர்கள். கிராமப்புறங்களில் இது நாற்பது விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 1961இல் ஏறத்தாழ ஒரு லட்சம் இளைஞர்கள் விளக்கும் தூக்குப்படுக்கையும் பாடநூலும் ஏந்திக் கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். பகலில் உழவர்களோடு வயலில் உழைத்தனர். இரவில் விளக்கொளியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தனர். ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றனர். கற்றுமுடித்த ஒவ்வொருவரும் எழுதவேண்டிய கடைசித் தேர்வு, பிடல் காஸ்ட்ரோவுக்கு ஒரு கடிதம். அக்கடிதங்கள் ஹவானாவில், முன்பு இராணுவ முகாமாக இருந்து பின் பள்ளி வளாகமாக்கப்பட்ட இடத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. தடுமாறும் கைகள் எழுதிய அந்த வரிகளை எவரும் பொய்ப்பிக்க இயலாது.

எழுத்தறிவோடு கதை முடியவில்லை. 1997இல் யுனெஸ்கோவின் மேற்பார்வையில் இலத்தீன் அமெரிக்க நாடுகளின் மூன்றாம், நான்காம் வகுப்பு மாணவர்களிடையே மொழி, கணிதத் தேர்வுகள் நடத்தப்பட்டன. கியூப மாணவர்களில் கடைசிக் கால்பகுதியினர்கூட வட்டாரச் சராசரிக்கு மேல் நின்றனர். இது எப்படி நேர்ந்தது என்று அறிய, அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மார்ட்டின் கார்னாயும் அவருடைய குழுவினரும் கியூபா, சிலி, பிரேசில் ஆகிய நாடுகளின் மூன்றாம் வகுப்புக் கணிதப் பாடங்களைப் படம்பிடித்து ஒப்பிட்டனர். 2007இல் வெளிவந்த அவருடைய நூல் சொல்லும் காரணங்கள் எளியவை. ஆசிரியர் பயிற்சி, பாடத்திட்டத்தோடு நெருங்கிப் பிணைந்திருந்தது. தலைமையாசிரியர் வகுப்பறைக்குள் வந்து பாடம் நடத்தப்படுவதைக் கவனித்தார். ஒரே ஆசிரியர் அதே பிள்ளைகளோடு பல ஆண்டுகள் தொடர்ந்தார். கூலிக்கு உழைக்கும் குழந்தைகள் அரிது. வயது வந்தோரின் விருப்பத் தேர்வுகளை அரசு கட்டுப்படுத்தியதையும் கார்னாய் மறைக்கவில்லை. கியூபப் புரட்சியின் பிரச்சாரகர் அல்லாத ஒருவர், குறையையும் சேர்த்து எழுதிய சான்று என்பதால்தான் அதற்கு எடை கூடுகிறது.

நலவாழ்வுத் துறையிலும் படிப்பினை அத்தகையதே. புரட்சியின்போது நாட்டில் இருந்த ஆறாயிரம் மருத்துவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளியேறினர். புதிய தலைமுறை மருத்துவர்களை உருவாக்கிய பிறகு, 1984இல் குடும்ப மருத்துவர் திட்டம் தொடங்கியது. மருத்துவரும் செவிலியரும் தாம் சேவை செய்யும் குடியிருப்பிலேயே வாழ்ந்தனர். நோயாளி வரும்வரை காத்திருக்கவில்லை. தம் பகுதியில் வாழும் ஒவ்வொருவரையும் நலமுடையோர், நோய்வாய்ப்படும் அபாயம் உடையோர், நோயாளிகள், உடற்குறை உடையோர் என நான்கு பிரிவாகப் பதிந்துவைத்து, வீடு தேடிச் சென்று கவனித்தனர். அந்தப் பதிவேடும் அதை ஏந்தி நடந்த கால்களுமே கியூபாவின் மருத்துவச் சாதனைக்கு அடித்தளம். எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்த முதல் நாடு என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் கியூபாவைச் சான்றளித்ததற்கும் அதுவே காரணம்.

சோவியத் ஒன்றியம் சரிந்தபின் வந்த ‘சிறப்புக் காலம்’ இந்த அமைப்பின் உரைகல். 1989க்கும் 1993க்கும் இடையில் கியூபப் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. உணவு குறைந்தது. பார்வை மங்கலும் கைகால் மரத்துப்போதலுமாக ஒரு நரம்பு நோய் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தாக்கியது. ஊட்டச்சத்துக் குறைவே அதன் முதன்மைக் காரணம் என்று கண்டறியப்பட்டதும் நாட்டு மக்கள் அனைவருக்கும் உயிர்ச்சத்து மாத்திரைகள் வழங்கப்பட்டன, நோய் தணிந்தது. அதே ஆண்டுகளில் குழந்தை இறப்பு விகிதம் 11.1இலிருந்து 9.4ஆகக் குறைந்தது. ஆனால் 1997இல் அமெரிக்கப் பொதுநல மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது. தாய்மாரும் குழந்தைகளும் காக்கப்பட்டனர். நெருக்கடியின் சுமை வயது வந்த ஆண்கள்மீதும் முதியோர்மீதும் இறங்கியது. இருப்பது சிறிதெனில் முதலில் குழந்தைக்கு என்று ஒரு சமூகம் முடிவெடுத்தது. அம்முடிவின் விலையைத் தாத்தாக்களும் பாட்டிகளும் தம் உடலால் செலுத்தினர். இதை அறியாதவர்க்கு அந்த 9.4 என்ற எண்ணின் பொருள் விளங்காது.

எண்களை அளவுக்கு மீறிப் போற்றுவதும் தவறு. சிறப்புக் காலத்தில் மக்களின் உடல் எடை சராசரியாக ஏறத்தாழ ஐந்து கிலோ குறைந்ததையும், அதைத் தொடர்ந்து நீரிழிவு, இதய நோய் மரணங்கள் குறைந்ததையும் மருத்துவ ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. சிலர் இதைக் கேட்டு, ‘பஞ்சமும் நன்மையே’ என்பதுபோல் பேசுகின்றனர். பட்டினியைச் சாதனையாக்குவது சோசலிசம் அன்று. குழந்தை இறப்புக் கணக்கிலும் ஒரு வினா எழுப்பப்பட்டுள்ளது. பிறந்த சில நாள்களில் நேர்ந்த இறப்புகளுள் ஒரு பகுதி, வயிற்றிலேயே இறந்த சிசுக்களாகப் பதியப்பட்டிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அவர்களுடைய திருத்தத்தை ஏற்றுக்கொண்டாலும், கியூபா அன்றைய இலத்தீன் அமெரிக்கச் சராசரியைவிட மிகுந்த மேனிலையிலேயே நின்றது. வினாவை வசைபாடி விரட்டுவதைவிட, இந்த விடையைச் சொல்வது வலிமை மிக்கது.

அன்றாட வாழ்வைப் பற்றிய ஆய்வின் வரலாறும் பாடம் தருகிறது. அமெரிக்க மானிடவியல் அறிஞர் ஆஸ்கர் லூயிஸ், ஹவானாவின் லாஸ் யாகுவாஸ் சேரியை 1946லேயே கண்டவர். சேரி இடிக்கப்பட்டு, அம்மக்கள் புதிய வீடுகளில் குடியேற்றப்பட்டபின் அவர்களுடைய வாழ்க்கை எப்படி மாறியது என்று ஆராய 1969இல் கியூபத் தலைமையின் இசைவோடு மீண்டும் வந்தார். 1970 ஜூனில் அரசு அந்த ஆய்வை நிறுத்தியது. சில ஆவணங்கள் கைப்பற்றப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் லூயிஸ் காலமானார். எஞ்சிய நேர்காணல்களை அவருடைய மனைவி ரூத் லூயிஸ் உள்ளிட்டோர் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். முற்றுகையிடப்பட்ட ஒரு நாட்டுக்கு அந்நிய ஆய்வாளர்மீது ஐயம் எழுந்ததைப் புரிந்துகொள்ள முடியும். ஆயினும் அந்த ஆய்வு தடைப்பட்டதால் புரட்சி பெற்ற நன்மையைவிட இழந்த அறிவே மிகுதி. அத்தொகுதிகளில் பேசும் ஏழைகள் புரட்சியைப் போற்றவும் செய்கிறார்கள், முணுமுணுக்கவும் செய்கிறார்கள். உயிருள்ள மக்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

இன்று அம்மக்கள் என்ன பேசுகிறார்கள்? 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் அறுந்து இருளில் மூழ்கியது. அதே ஆண்டில், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பங்கீட்டில் தரும் பாலுக்காக அரசு உலக உணவுத் திட்டத்தின் உதவியைக் கோரவேண்டியதாயிற்று. 1962 முதல் குடும்பங்களைத் தாங்கிவந்த பங்கீட்டுப் புத்தகத்தில் வரும் பொருள்கள் மெலிந்துவிட்டன. 1.1 கோடியாக இருந்த மக்கள்தொகை ஒரு கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. சென்றவர்களில் இளைஞர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள். வீடு தேடி வந்த மருத்துவர் போனபின், பதிவேடு இருந்தும் பயனென்ன? குழந்தை இறப்பு ஏறியதன் ஒரு விடை அந்த வெறுமையில் உள்ளது.

இந்நிலைக்கு முதற்காரணம் அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் முற்றுகை என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘முற்றுகை’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. அது எப்படிச் செயல்படுகிறது என்று விளக்கவேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வணிகத்துக்காகக் கியூபத் துறைமுகத்தில் நின்ற கப்பல் 180 நாள்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது. அமெரிக்க நிறுவனங்களின் வெளிநாட்டுக் கிளைகளும் கியூபாவோடு வணிகம் செய்யத் தடை. 2020இல் கொரோனா பரவிய வேளையில், கியூபாவுக்குச் செயற்கை சுவாசக் கருவிகள் விற்றுவந்த சுவிட்சர்லாந்து நிறுவனங்கள் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனதும் விற்பனையை நிறுத்தின. கியூப அறிவியலாளர்கள் தாமே கருவி செய்யவேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் கியூபா மீண்டும் ‘பயங்கரவாத ஆதரவு நாடுகள்’ பட்டியலில் சேர்க்கப்பட்டபின், வெளிநாட்டு வங்கிகள் கியூபாவின் பணத்தைத் தொடவே அஞ்சுகின்றன. மருந்து வாங்கப் பணமிருந்தும் செலுத்த வழியில்லை என்ற நிலையை எவரும் புரிந்துகொள்வர்.

உள்ளிருந்து எழுந்த தவறுகளும் உண்டு. 2021ஆம் ஆண்டு நாணயச் சீர்திருத்தம் விலைவாசியை ஏற்றி, ஊதியத்தை அரித்துவிட்டது. அதன் வடிவமைப்பிலும் செயலாக்கத்திலும் பிழைகள் நேர்ந்ததைக் கியூபத் தலைமையே ஒப்புக்கொண்டுள்ளது. சுற்றுலா விடுதிகளுக்கு ஒதுக்கிய முதலீடு, வேளாண்மைக்கும் நலவாழ்வுக்கும் ஒதுக்கியதைவிடப் பன்மடங்கு மிகுதி என்று கியூபப் புள்ளியியல் அலுவலகத்தின் வெளியீடுகளே காட்டுகின்றன. இதைக் கியூபப் பொருளாதார அறிஞர்கள் அந்நாட்டிலேயே விவாதிக்கின்றனர். அங்கே பேசப்படுவதை இங்கே மறைப்பதில் பொருளில்லை.

1992இல், சிறப்புக் காலத்தின் கொடிய நாள்களில், தோழர் ஹர்கிஷன் சிங் சுர்ஜித்தின் முன்முயற்சியால் இந்திய மக்களிடம் திரட்டிய பத்தாயிரம் டன் கோதுமை கப்பலேறிக் கியூபாவுக்குச் சென்றது. கியூபா வளமாக இருக்கிறது என்று சொல்லி அந்தக் கோதுமை திரட்டப்படவில்லை. கியூபா பசித்திருக்கிறது என்ற உண்மையைச் சொல்லித்தான் திரட்டப்பட்டது. பஞ்சாப் உழவர் அந்த உண்மையைக் கேட்டுத்தான் தம் களத்து நெற்குதிரைத் திறப்பதுபோல் கோதுமைக் குதிரைத் திறந்தார்.

இன்று தேவைப்படுவதும் அதுவே. கட்சிக் கிளைகளின் படிப்பு வட்டங்களில் கியூபாவின் பள்ளி, மருத்துவமனை, பங்கீட்டுக் கடை பற்றிய ஆய்வுகள் இடம்பெற வேண்டும். மேடைக்குப் போகும் பேச்சாளர் எண்ணைச் சொல்லும்போது ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்கு எப்படி ஏழாயிற்று என்பதை விளக்க வேண்டும். அந்த விளக்கத்தின் ஊடாகவே ஏகாதிபத்தியத்தின் கொடுமையும், ஒரு சிறு நாட்டின் மக்கள் எதை எழுப்பினார்கள், எதை இழந்துகொண்டிருக்கிறார்கள் என்பதும் கேட்பவர் நெஞ்சில் பதியும். கடைசி வரிசை மாணவர் கைபேசியில் தேடிப் பார்க்கட்டும். பேச்சாளர் சொன்னதையே அவர் அங்கும் காண்பாரானால், அடுத்த கூட்டத்துக்கு அவர் முன்வரிசைக்கு வருவார்.