மெசியா வேடமும் நம் மௌனமும்

தன்னையே மெசியா என்று கூறிக்கொண்ட கொரியாவின் ஜங் மியுங் சியோக், பெண் சீடர்களை வன்கொடுமை செய்து 10 ஆண்டு சிறை சென்றார். 2018இல் வெளிவந்தவரைச் சபை மீண்டும் தலைவராக்கியது. மீண்டும் அதே குற்றம். 2025இல் 17 ஆண்டுத் தண்டனை உறுதியானது.

ஈஸா (அலை) அவர்களே மஸீஹ் என்று நம்பும் நாம் இதைக் கேட்டு நகைக்கிறோம். நம் நீலகிரியிலோ, உதகை மறைமாவட்டப் பாதிரியார் ஒருவர் சிறுமியிடம் அத்துமீறியதை 2015இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மறுஆண்டே மறைமாவட்டம் அவர்மீதான பணித்தடையை நீக்கியது. அவர் தம்மை மெசியா என்று சொல்லவில்லை, அங்கியே போதுமாயிருந்தது.

நம்மிடம் தொப்பியும் தாடியும் போதாதா? உஸ்தாத் மீது புகார் வந்தால் "தீனுக்கு இழுக்கு" என்று மூடி, அவரை வேறு மஹல்லாவுக்கு அனுப்பும் ஜமாஅத்துகள் இல்லையா? ஓதிக்கொடுக்கும் நாமே சொல்கிறோம்: மத்ரஸா அறைக் கதவு திறந்தே இருக்கட்டும். போக்சோ சட்டப்படி குற்றத்தை மறைப்பதும் குற்றமே. முதலில் 1098ஐ அழையுங்கள். ஜமாஅத் தலைவரிடம் பிறகு பேசலாம்.