விட்டால் 50 ரூபாய்... வைத்திருந்தால் 5 ஆயிரம்! காப்பகத்தில் தவிக்கும் ‘பொசுபொசு’ நாய்கள்

சென்னையில் உள்ள நாய் காப்பகங்களில் தெரு நாய்கள் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. பொமரேனியன், ஷிட்சு, சுருட்டை முடி பூடில் கலப்பு என்று மடியில் அடங்குகிற குட்டி நாய்களும் அங்கே மூலையில் சுருண்டு கிடக்கின்றன. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டி ஆசை ஆசையாக வாங்கப்பட்டவைதான் இவை.

வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கு, நாய்க்கு தோல் வியாதி வந்துடுச்சு... நாயைக் கை கழுவ காரணமா கிடைக்காது? ராத்திரியோடு ராத்திரியாக தெருவில் இறக்கி விட்டுப் போய்விடுகிறார்கள். ஏ.சி. ரூமில் வளர்ந்த நாய்க்கு குப்பைத் தொட்டியில் தேடித் தின்னத் தெரியுமா? தெரு நாய்களிடம் கடிபட்டு, வண்டியில் அடிபட்டு சாவதுதான் பெரும்பாலும் அதன் முடிவு. யாராவது தூக்கி வந்து காப்பகத்தில் சேர்த்தால் பிழைத்தது.

சட்டத்தில் பெரிய ஓட்டை

நாயை பட்டினி போட்டு அனாதையாக விடுவது குற்றம். 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்பு சட்டத்தின் 11-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தண்டனை எவ்வளவு தெரியுமா? முதல் தடவை மாட்டினால் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை அபராதம். இன்றைக்கு ஒரு பிளேட் பிரியாணி கூட அந்தக் காசுக்கு வராது.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஆயிரம்விளக்கு பூங்காவில் 2024 மே மாதம் 5 வயது சிறுமியை 2 ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு மாநகராட்சி பிடியை இறுக்கியது. 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்த ஆரம்பித்தது. உரிமக் கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் உரிமம் எடுக்காமல் வளர்த்தால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தது.

அதாவது, உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்து சோறு போடுகிறவருக்கு 5 ஆயிரம். தெருவில் விட்டுப் போகிறவருக்கு 50. நூறு மடங்கு வித்தியாசம்! அபராதத்துக்குப் பயந்து நாயை அவிழ்த்து விட்டால் லாபம் என்று சிலர் கணக்குப் போட மாட்டார்களா? மைக்ரோசிப்தான் இதற்கு ஒரே கடிவாளம். சிப் இருந்தால் நாய் யாருடையது என்று அடுத்த நிமிஷமே தெரிந்துவிடும். ஆனால் பிடித்த பிறகு 50 ரூபாயோடு விட்டால் என்ன பிரயோஜனம்?

கலப்பு வந்த கதை

இந்த பூடில் கலப்பு மோகத்துக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கதை உண்டு. 1989-ல் வாலி கான்ரன் என்பவர் லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும். அவர் கணவருக்கோ நாய் முடி ஆகாது. அதற்காக நல்ல எண்ணத்தில் செய்த வேலை. பின்னால் அதுவே வியாபாரமாகி, கண்டவர்களும் கலப்புக் குட்டி போட ஆரம்பித்ததைப் பார்த்து, ஏன்டா செய்தோம் என்று அவரே வருத்தப்பட்டார். கலப்பு நாய் என்றால் நோயே வராது என்பதும் கட்டுக்கதைதான். பெரும்பாலான வியாதிகளில் தாய் இனத்துக்கும் கலப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2024-ல் இங்கிலாந்து ஆய்வு ஒன்று சொன்னது.

தத்து எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். கடையில் கொட்டும் பணம் மிச்சம், ஒரு உயிருக்கும் புது வாழ்வு. ஆனால் குழந்தை அழுகிறதே என்று அவசரப்பட்டு தூக்கி வரக்கூடாது.

பூடில் கலப்பில் பல நாய்களுக்கு முடி அதிகம் கொட்டாது, வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் சீவ வேண்டும், 6 வாரத்துக்கு ஒரு தடவையாவது வெட்ட வேண்டும். விட்டால் சடை பிடித்து, சென்னை வெயிலில் தோல் புண்ணாகிவிடும். சடைக்குள் உண்ணி புகுந்தால் காய்ச்சலில் நாய் படுத்துவிடும். வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி கட்டாயம். 12 முதல் 15 வருஷம் வரை உயிரோடு இருக்கும். இன்று ஒன்றாம் வகுப்பு போகிற பிள்ளை பிளஸ்-2 முடிக்கும் வரை செலவு இருக்கிறது என்று அர்த்தம்.

வைத்தியத்துக்கு தனியாரிடம் போக வசதி இல்லாதவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வாடகை வீடு என்றால் முதலில் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. ‘நாயா? அதெல்லாம் கூடாதுப்பா’ என்று அவர் சொல்லிவிட்டால், அந்த நாய் இரண்டாவது தடவையாக தெருவுக்கு வரும்.

முடி வெட்டவும் சீவவும் நேரமோ காசோ இல்லை என்றால் நம்ம ஊர் நாட்டு நாய்க்குட்டியே போதும். குட்டை முடி, நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு, பராமரிப்பும் சுலபம். தெரு நாயை தத்து எடுக்க விரும்புவோர் உள்ளாட்சியில் விண்ணப்பிக்கலாம், ஆனால் அதை மறுபடி தெருவில் விடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது.

தத்து எடுப்பவருக்கு கோர்ட்டு போட்ட இந்த நிபந்தனை, காசு கொடுத்து வாங்கியவருக்கும் பொருந்த வேண்டாமா? அந்த 50 ரூபாய் அபராதம் உயர்கிற வரைக்கும் காப்பக வாசலில் பொசுபொசு நாய்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.