மென்பொருளுக்கும் மராமத்து வேண்டும்

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. தமிழக மாவட்டங்களின் பட்டியலைச் சுமந்திருந்த மென்பொருள்கள் எல்லாம் அன்றைக்கே பிழையாகிவிட்டன. முகவரி கேட்கும் படிவங்களிலும் வரைபடங்களிலும் புள்ளிவிவரக் கோப்புகளிலும் கள்ளக்குறிச்சி வெறும் வட்டமாகவே இருந்தது. அதே மாதத்தில் தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவையும் உதயமாயின. அடுத்த ஆண்டு இறுதியில் மயிலாடுதுறை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32 ஆக இருந்த எண்ணிக்கை 38 ஆனது. அந்தக் கணக்கெடுப்பை ஒட்டி வரையப்பட்ட மாவட்ட எல்லைக் கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

இவற்றை யார் திருத்துவது? நிறுவனங்களின் மென்பொருளுக்குச் சம்பள ஊழியர்கள் உண்டு. மூலநிரலோடு பொதுவில் வைக்கப்பட்டு, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தரும் திறமூல மென்பொருளுக்குப் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதுதானே என்று தோன்றும். ஆனால், பழைய பதிவுகளில் விழுப்புரம் என்றிருப்பவற்றில் எவை சங்கராபுரம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டைப் பகுதிகளுக்கு உரியவை என்று பிரிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரின் நடுவே ஒரு ‘கே’யா, இரண்டா என்று முடிவுசெய்ய வேண்டும். மாற்றத்தால் வேறெங்கும் எதுவும் உடையவில்லை என்று சோதிக்க வேண்டும். பிறகு அதை இன்னொருவர் வரிவரியாகப் படித்துப் பார்த்து ஏற்க வேண்டும். அந்த இன்னொருவர்தான் பராமரிப்பாளர். திறமூல உலகில் இன்று பெரும் தட்டுப்பாடு அவருடைய நேரத்துக்குத்தான்.

அந்த நேரத்தை வீணடித்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 2020 அக்டோபரில், நான்கு திருத்தங்களை அனுப்பினால் டி-ஷர்ட் என்று ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ நிகழ்வு அறிவித்தபோது, இந்திய யூடியூப் காணொளி ஒன்றைப் பார்த்தவர்கள் உலகெங்கும் உள்ள திட்டங்களில் பொருளற்ற திருத்தங்களைக் கொட்டினார்கள். சில நாள்களிலேயே விதி மாற்றப்பட்டு, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்றானது. 2024 தொடக்கத்தில் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற புகழ்பெற்ற திட்டத்துக்கும் இதே நிலைதான். பாடக் காணொளியில் செய்துகாட்டியபடி, அதன் அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி மாணவர்கள் கோரிக்கைகளைக் குவித்தார்கள். அந்த மாணவர்களைத் திட்டுவதில் நியாயம் இல்லை. வீட்டில் முதல் ஆளாகக் கணினி படிக்கும் ஒருவருக்கு, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட ஏதேனும் வேண்டும். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எண்ணிக்கையைக் கற்றுக்கொடுத்தார்கள், வேலையைக் கற்றுக்கொடுக்கவில்லை.

வேலை எங்கே இருக்கிறது என்று டெபியன் காட்டுகிறது. 1993-ல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்களால் நடக்கும் இந்த இயங்குதளத்தின் தமிழ்நாட்டு மாநாடு, 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் நடந்தது விழுப்புரத்தில். கிராமப்புற மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி அளித்துவரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு அதை முன்னின்று நடத்தியது. பெருநகரங்களுக்கு வெளியேயும் இப்படி நடத்த முடியும் என்று காட்டியதற்காகவே அந்தக் குழுவைக் கொண்டாட வேண்டும்.

டெபியனிடம் கற்க வேண்டியது அதன் நிரலைவிட அதன் நடைமுறைகளை. ஒரு மென்பொருள் தொகுப்பைக் கவனித்துவருபவருக்கு இனி முடியாது என்றால், தத்தெடுக்க ஆள் கேட்டு முறைப்படி அறிவிக்கலாம். யாருமற்றுப் போன தொகுப்புகளின் பட்டியல் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். கடுமையான பிழைக்குப் பொறுப்பாளர் பதில் சொல்லாவிட்டால், இன்னொருவர் திருத்தி வெளியிட விதி உண்டு. நெடுநாள் சத்தமில்லாதவர்களை விசாரிக்கவும் ஒரு குழு இருக்கிறது. புதிய வெளியீட்டுக்குத் தடையாக நிற்கும் பிழைகளைத் தீர்க்க, வாரயிறுதியில் ஓரிடத்தில் கூடி உட்காருகிறார்கள். அங்கே புதியவருக்கும் வேலை கிடைக்கும்: பழைய பிழைப் புகார் ஒன்றை எடுத்து, அது இன்னும் நிகழ்கிறதா, எந்தப் பதிப்பில், எந்தக் கருவியில் என்று கண்டு எழுதுவது. சின்னசேலத்திலிருந்து ஒரு மாணவர் நாளையே தொடங்கக்கூடிய வேலை இது.

விலகிப்போவதற்கும் ஒரு முறை வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் மாவட்டவாரியாக எண்ணிக்கைகளைத் தொகுத்த கோவிட்19இந்தியா தன்னார்வலர்கள், 2021 அக்டோபர் 31-உடன் நிறுத்தப்போவதாக ஆகஸ்டிலேயே அறிவித்தார்கள். நிரலும் தரவும் பொதுவில் இருந்ததால் வேறு குழுக்கள் அதைத் தொடர முடிந்தது.

இப்படி ஒரு வழி இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு ‘எக்ஸ்இசட்’ சாட்சி. கோப்புகளைச் சுருக்கும் இந்தச் சிறு மென்பொருள் உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகள் ஏறக்குறையத் தனியாளாகக் கவனித்தவர் பின்லாந்தின் லாசே காலின். தன் மனநலச் சிக்கல்களை அவர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். 2022-ல் முன்பின் தெரியாத பெயர்களில் சிலர், வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று அவரை நெருக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலிருந்து பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பிவந்த ‘ஜியா டான்’ என்பவர் கைக்கு மெல்ல மெல்லச் சாவி போனது. 2024-ல் வெளியான பதிப்பில் அவர் கள்ளவாசல் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிய பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். களைத்துப்போன ஒரு மனிதருக்குத் தோள் கொடுக்க நேர்மையான ஒருவர் வராததால் நிகழ்ந்தது இது.

நம் ஊர் ஏரிகளின் கதையில் இதற்குப் பாடம் இருக்கிறது. குடிமராமத்தில் ஆண்டுக்கொரு முறை ஊர் கூடி வண்டல் அள்ளி, கரையைப் பலப்படுத்தியது கூலிக்காக அல்ல. தண்ணீரில் எல்லோருக்கும் பங்கு இருந்தது. ஆனால், அன்றாடம் மடையைத் திறந்து மூடி, முறை வைத்து வயலுக்கு நீர் விட்ட நீர்க்கட்டிக்குக் களத்துமேட்டில் நெல் அளந்தார்கள். அந்தப் பங்கும் அதிகாரமும் ஊர் கையைவிட்டுப் போன பிறகு, 1858-ல் ஆங்கிலேய அரசு மராமத்து உழைப்பைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கப் பார்த்தது. ஊர்களின் பழைய ஈடுபாடு அதனால் திரும்பவில்லை. கூடிச் செய்யும் வேலைக்குத் தன்னார்வம் போதும், நித்திய வேலைக்குப் படி அளக்க வேண்டும் என்ற இந்தத் தெளிவு திறமூல உலகுக்கு மிகத் தாமதமாகவே வந்தது.

2014-ல் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டபோது, இணைய வணிகத்துக்கே பூட்டாக இருந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்தான். ஜெர்மனி அரசு 2022 முதல் இத்தகைய பராமரிப்புக்கென நிதி ஒதுக்குகிறது. இந்தியாவில் ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில், ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியத்தை அறிவித்தது. தமிழக அரசும் இதில் இறங்க வேண்டும். புதிய செயலிக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுப்பது எளிது. தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகைகள், சொல் திருத்திகள் போன்ற பொதுச் சொத்துகளைக் கவனிப்பவர்களுக்கு மாதந்தோறும் ஊதியம் தருவதுதான் இப்போதைய தேவை.

பிழையைச் சொல்பவர்களும் வேண்டும். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளம் லட்சக்கணக்கான மாணவர்களின் கைக்கு வந்தது. ஆனால், பிழை கண்டால் யாரிடம், எப்படிச் சொல்வது என்பது வகுப்பறைக்குள் நுழையவே இல்லை. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலோ சேராப்பட்டிலோ இன்னாட்டிலோ இருக்கும் ஒருவர், மலிவான கைபேசியில், விட்டுவிட்டு வரும் சிக்னலில், தமிழில் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தும்போது தட்டுப்படும் கோளாறு பெங்களூரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாது. 2004 முதல் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில், மலைப்பாதை ஒன்றைச் செயற்கைக்கோள் படம் பார்த்து எவரும் வரையலாம். அந்த மலைக்கிராமத்தின் சரியான பெயர் என்ன, மழைக்காலத்தில் அந்தப் பாதையில் ஜீப் போகுமா என்பதை அங்கே வாழ்பவர்தான் சொல்ல முடியும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டபோது, சாலைகளும் முக்கியப் பிரச்சினையாகப் பேசப்பட்டன.

கள்ளக்குறிச்சி வட்டாரக் கல்லூரிகள் ஆளுக்கொரு திறமூலத் திட்டத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு பருவத்தில் ஒரு மாணவர் ஒரே ஒரு பிழையை உறுதிப்படுத்தி, திருத்தி, அந்தத் திருத்தம் ஏற்கப்படும்வரை உடனிருந்தால் அதற்கு மதிப்பெண் கொடுக்கலாம். அனுப்புவதற்கு முன் படித்துப் பார்க்க வேண்டியவர் கல்லூரி ஆசிரியர். அந்தச் சுமையைப் பராமரிப்பாளர் தலையில் ஏற்றக் கூடாது. அதனால், ஆசிரியர்களுக்கான பயிற்சியும், அதற்கென வாரத்தில் சில மணி நேரப் பாடவேளைக் குறைப்பும்தான் உடனடியாகத் தேவைப்படும் செலவு.